பழைய புல்லட்டில் சைடுகார்: பாம்பன் காற்றில் வண்டி எவ்வளவு இழுக்கும்?

மண்டபம் முகாம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் ஓட்டிய 1972-ஆம் ஆண்டு புல்லட் 350 இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. வார்ப்பிரும்பு சிலிண்டர், நான்கு கியர், வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என எல்லாம் பழைய அமைப்பே. பிஸ்டனும் ரிங்கும் புதிதாகப் போட்டிருக்கிறேன்; தனி வண்டியாக 90 கி.மீ. வேகத்தைச் சிரமமில்லாமல் தொடுகிறது. அம்மாவுக்கு மூட்டுவலி வந்த பிறகு பின் இருக்கையில் ஏறி அமர முடியவில்லை. கோயிலுக்கும் ராமநாதபுரம் மருத்துவமனைக்கும் ஆட்டோவில் அழைத்துச் செல்கிறேன் என்றால், "அப்பா வண்டி வீட்டில் நிற்கும்போது ஆட்டோ எதற்கு" என்கிறார்கள். ஆகவே இடப்பக்கம், ஒருவர் அமரும் கூடும் ஒற்றைச் சக்கரமும் கொண்ட ஒரு சைடுகார் பொருத்த எண்ணியிருக்கிறேன். மதுரையில் ஒன்று பார்த்திருக்கிறேன்; சட்டமும் கூடும் சக்கரமும் சேர்ந்து ஏறக்குறைய 80 கிலோ என்கிறார்கள். அதன் சக்கரத்தில் பிரேக் இல்லை.

இந்த 346 சி.சி. எஞ்சின் அவ்வளவு சுமையைத் தாங்குமா, வேகம் எவ்வளவு குறையும், செயின் ஸ்பிராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரத்தை) மாற்ற வேண்டுமா, ஆனி ஆடி மாதக் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றில் பாம்பன் பாலத்தைக் கடக்கும்போது வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்பவற்றை, சைடுகார் ஓட்டிய அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

உச்சிப்புளி பட்டறை எழுதியது:

தம்பி, சைடுகார் என்றதும் எல்லாரும் எடையைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். எடை, வண்டி கிளம்பும்போதும் நிற்கும்போதும் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை இழுத்துப் பிடிப்பது காற்று. மேடு என்று சொல்ல ஒரு பாலத்தைத் தவிர வேறெதுவும் இல்லாத நம் சாலையில், நீங்கள் கணக்குப் பார்க்க வேண்டியது முதலில் காற்றைத்தான்.

எடையை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் வண்டியும் நீங்களும் சேர்ந்து 235 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சைடுகாரும் அம்மாவும் சேர்ந்தால் 375-ஐ நெருங்கும். அதே எஞ்சின், ஒன்றரை மடங்குக்கு மேற்பட்ட எடை; ஆகவே வேகம் எடுக்க ஒன்றரை மடங்குக்கு மேல் நேரம் பிடிக்கும். கிளட்ச் தகடுகள் தேய்ந்திருந்தால் முதல் வாரத்திலேயே வழுக்கத் தொடங்கும்; அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். எடையின் கதை அவ்வளவுதான்.

இனிக் காற்று. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் தனி வண்டிக்குக் காற்றுத்தடையைத் தருகிற பரப்பு ஏறக்குறைய 0.6 சதுர மீட்டர் என்றால், சைடுகார் சேர்ந்ததும் அது ஒரு சதுர மீட்டருக்குப் பக்கத்தில் போகும். காற்றை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், தடை கூடிய அதே விகிதத்தில் உச்ச வேகம் விழுவதில்லை, நூறு கி.மீ. ஓடிய வண்டி எண்பதுக்கும் எண்பத்தைந்துக்கும் இடையில் நிற்கும். காற்றில்லாத விடியற்காலையில் 70-ல் போக, சக்கரத்தில் ஏறக்குறைய 6 கிலோவாட் போதும். உங்கள் எஞ்சினின் 18 குதிரைத்திறன் என்பது 13 கிலோவாட்டுக்குச் சற்று மேல். ஆகவே விடியற்காலையில் எந்தக் கவலையும் இல்லை.

அதே 70-ல் 30 கி.மீ. எதிர்காற்றை எதிர்த்துப் போய்ப் பாருங்கள். கூட்டின் முகத்தில் அடிக்கும் காற்று நூறு கி.மீ. வேகத்தில் வருகிறது, தேவை 10 கிலோவாட்டைத் தாண்டிவிடுகிறது. இந்த எஞ்சின் தன் முழுத் திறனைத் தருவது நிமிடத்துக்கு 5,600 சுழற்சிக்குப் பக்கத்தில். நாலாவது கியரில் 70-ல் ஓடும்போது அது மூவாயிரத்துச் சொச்சத்தில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் சக்கரத்துக்கு 8 கிலோவாட் வந்தாலே அதிகம். அதாவது, ஆக்சிலரேட்டரை முழுவதும் திருகினாலும் வேகம் 60-க்கு இறங்கிவிடும். மூன்றாவதுக்கு மாற்றினால் எஞ்சின் கத்தும், ஆனால் இழுக்கும். கச்சான் காலத்தில் ராமேசுவரத்திலிருந்து மேற்கே திரும்பி வருகிற ஒவ்வொரு பிற்பகலும் உங்களுக்கு இந்தக் கியர்ப் போராட்டம் இருக்கும்.

கியர்பாக்ஸ் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறையுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். 16 பல் இருந்தால் 15 போடுங்கள். ஏறக்குறைய ஏழு சதவீதம் இழுவை கூடும், அதே அளவுக்கு எஞ்சின் சற்று வேகமாகச் சுற்றும். பழைய புல்லட்டில் பின் ஸ்பிராக்கெட் பிரேக் டிரம்மோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருப்பதால் அங்கே கை வைக்க முடியாது. முன்னதை மாற்ற கிளட்சையும் உள் செயின்கேஸையும் கழற்ற வேண்டும். கழற்றுகிறபோதே அதன் பின்னால் உள்ள ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள், மறுபடி ஒருமுறை திறக்க மனம் வராது.

தொண்டி சாலை எழுதியது:

உச்சிப்புளி அண்ணனின் காற்றுக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். பல் குறைப்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) உள்ள ஒற்றை சிலிண்டர் எஞ்சின் இது. மெதுவாகச் சுற்றி இழுப்பதற்காகவே பிறந்தது. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தில் ஓடிய பி.எஸ்.ஏ. எம்20, 496 சி.சி. இருந்தும் 13 குதிரைத்திறன்தான்; அந்தச் சோம்பேறி சைடுவால்வ் எஞ்சின் இழுத்தது முறுக்குவிசையால், சுழற்சியால் அல்ல. பல்லைக் குறைத்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 60-ல் போகும்போதே கைப்பிடி அதிரும், ஹெட் சூடேறும். காற்று நாட்களில் நாலாவது கியரிலேயே 50-ல் மெதுவாகப் போய்விடலாம். அம்மாவை ஏற்றிக்கொண்டு யார் 70-ல் போகப் போகிறார்கள்?

உச்சிப்புளி பட்டறை எழுதியது:

தொண்டிக்காரருக்கு. வேகம் 50 போதும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எதிர்காற்றில் 50-ஐ நாலாவது கியரில் இழுப்பதுதான் இந்த எஞ்சினுக்கு ஆகாத காரியம். பழைய புல்லட்டின் கனெக்டிங் ராட் அடியில் இருப்பது உருளை பேரிங் அல்ல, மிதக்கும் புஷ். ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டிருந்தால்தான் அது உயிரோடு இருக்கும். அந்த ஆயிலைத் தருகிற பம்போ எஞ்சின் சுழலும் வேகத்துக்கு ஏற்பத்தான் ஊற்றும். ஆக்சிலரேட்டர் முழுவதும் திறந்து, எஞ்சின் 2,300 சுழற்சியில் டொக் டொக்கென்று இடித்துக்கொண்டு போகிறபோது, பிஸ்டனின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், ஆயில் வரத்துக் குறைவாக இருக்கும். புஷ் தேய்வது அந்த நேரத்தில்தான். அதிர்வு கைக்குத் தெரியும். புஷ் தேய்வது தெரியாது.

பி.எஸ்.ஏ.வைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கம்பெனிகள் தனி வண்டிக்கு ஒரு கியர் விகிதமும் சைடுகாருக்கு அதைவிடத் தாழ்ந்த ஒரு விகிதமும் கொடுத்துத்தான் விற்றார்கள். முறுக்குவிசை இருக்கிறதே என்று விட்டுவிடவில்லை. இரண்டு பல் குறைப்பதை நானும் எதிர்ப்பேன். ஒரு பல் குறைப்பது எஞ்சினைக் காப்பாற்ற. கூடவே, புல்லட்டின் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஓர் எண் கூட்டிப் பார்த்து, பிளக்கின் நிறம் வெளுத்திருக்கிறதா, செங்கல் பழுப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். வெளுத்த பிளக் என்றால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள்; முழுத் திறப்பில் நீண்ட நேரம் ஓடப்போகிற வண்டிக்கு அது நல்லதல்ல.

கீழக்கரை தெற்குத் தெரு எழுதியது:

அன்புத் தம்பி, எஞ்சினைப் பற்றி எழுதியவர்கள் நன்றாக எழுதிவிட்டார்கள். நான் பிரேக்கைப் பற்றிக் கவலைப்படுகிறேன். பிரேக் இல்லாத சைடுகார் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் அங்கேயே நிற்கிறது.

நம் நாட்டில் சைடுகார் இடப்பக்கம். பின் சக்கரம் தள்ளும் இடம் வலப்பக்கம் இருப்பதால், நீங்கள் வேகம் எடுக்கும்போது வண்டி இடப்பக்கம் இழுக்கும். அது சாலையின் ஓரம், பெரிய ஆபத்தில்லை. பிரேக் போடும்போது நிலைமை தலைகீழ். மோட்டார் சைக்கிளின் இரண்டு சக்கரங்களும் நிற்கப் பார்க்கும். பிரேக் இல்லாத சைடுகாரும் அதில் அமர்ந்திருக்கும் தாயாரும் முன்னே போகப் பார்ப்பார்கள். வண்டியின் மூக்கு வலப்பக்கம் திரும்பும், அதாவது எதிரே வருகிற சுற்றுலாப் பேருந்தை நோக்கி. அதோடு, அதே பழைய டிரம்கள் ஒன்றரை மடங்கு எடையை நிறுத்த வேண்டியிருப்பதால் நிற்கும் தூரமும் அந்த விகிதத்தில் நீளும். ஆகவே ஸ்பிராக்கெட்டுக்கு முன்பாகச் சைடுகார் சக்கரத்துக்கு ஒரு டிரம் பிரேக் போடுங்கள். உங்கள் வண்டியில் பிரேக் மிதி இடது காலில், அதாவது சைடுகார் இருக்கும் பக்கத்திலேயே இருப்பது ஒரு வசதி. மிதியிலிருந்து ஒரு குட்டையான கம்பியோ கேபிளோ போதும். பின் சக்கரம் சற்று முந்தியும் சைடுகார் சக்கரம் சற்றுப் பிந்தியும் பிடிக்கும்படி சரிசெய்து, வண்டி நேராக நிற்கிறதா என்று ஆளில்லாத தெருவில் பாருங்கள்.

அடுத்தது, பொருத்தும் கோணம். நான் பார்த்த வரையில் சைடுகார் வண்டி "இழுக்கிறது, ஓடவில்லை, பெட்ரோல் குடிக்கிறது" என்ற புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் எஞ்சின் அல்ல, கோணம்தான். சமதளமான சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தி, நீங்கள் இருக்கையில் அமர்ந்து, அம்மாவின் எடைக்கு ஈடாக ஒரு மூட்டையைக் கூட்டுக்குள் வையுங்கள். மோட்டார் சைக்கிளின் இரு சக்கரங்களையும் தொடும்படி ஒரு நீளமான அலுமினியக் குழாயையும், சைடுகார் சக்கரத்தைத் தொடும்படி இன்னொன்றையும் தரையில் கிடத்துங்கள். இரண்டு குழாய்களுக்கும் இடையிலான தூரம், முன் சக்கரத்துக்கு முன்னால் அளக்கும்போது பின் சக்கரத்துக்குப் பின்னால் இருப்பதைவிட 15 முதல் 20 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். சைடுகார் சக்கரம் சற்று உள்முகமாகப் பார்ப்பதால்தான் வண்டி நேராக ஓடுகிறது. அளவுக்கு மீறிப் பார்த்தால் டயர் தரையில் உரசி, ஒரு குதிரைத்திறனை அதுவே தின்றுவிடும். சைடுகார் சக்கரத்தின் அச்சு, பின் சக்கரத்தின் அச்சைவிட 15 முதல் 25 செ.மீ. முன்னால் இருக்கட்டும்.

மோட்டார் சைக்கிள் சைடுகாரிலிருந்து விலகி வலப்பக்கம் ஒன்று முதல் இரண்டு டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். கொத்தனாரின் தூக்குக்குண்டை வாங்கி, 70 செ.மீ. உயரத்திலிருந்து தொங்கவிட்டால், ஒரு டிகிரிக்கு 12 மி.மீ. விலகல் வரும். நம் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்துக்குச் சரிவதால் வண்டி எப்போதும் இடப்பக்கம் வழியும். இந்தச் சாய்வு அதை ஈடுசெய்யும். பாலத்தின் மேல் சரிவு குறைவு என்பதால் அங்கே கைப்பிடி சற்று வேறுவிதமாக உணரப்படும், பயப்பட வேண்டாம்.

சட்டத்தில் பிடிமானம் நான்கு இடங்களில் வேண்டும், கீழே இரண்டு, மேலே இரண்டு. புல்லட்டின் சட்டம் அடியில் மூடியதல்ல, எஞ்சினே அதன் ஒரு பகுதியாக நிற்கிறது. ஆகவே முன்கீழ்ப் பிடிமானத்தை மெல்லிய குழாயில் வெல்டிங் வைக்க எவராவது சொன்னால் அந்தப் பட்டறையை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். எஞ்சின் தகடுகளோடு சேர்த்துப் பிடிக்கும் துணைச்சட்டம்தான் சரி.

மண்டபம் முகாம் எழுதியது:

கீழக்கரை காக்காவுக்கும் உச்சிப்புளி அண்ணனுக்கும் தொண்டி நண்பருக்கும் மிக்க நன்றி. பிரேக் இல்லாமல் பொருத்துவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு ஐயங்கள் மீதி இருக்கின்றன. அம்மாவை விட்டுவிட்டுக் காலிக் கூட்டோடு திரும்ப வேண்டியிருக்கும் நாட்களில் பாலத்தின் பக்கக்காற்று வண்டியைத் தூக்கிவிடாதா? தனுஷ்கோடிச் சாலையில் மணல் ஏறிக் கிடக்கும் இடங்களில் மூன்று சக்கரம் உதவியா, தொந்தரவா?

உச்சிப்புளி பட்டறை எழுதியது:

பாலத்தைப் பற்றி. 1988-இல் திறக்கப்பட்ட அந்தச் சாலைப் பாலம் இரண்டேகால் கி.மீ.க்குச் சற்று மேல் நீளம். நடுப்பகுதியில் ஏறி இறங்குகிறது, இருபுறமும் மறைப்பே இல்லை. கச்சான் தெற்கும் தென்மேற்குமாக அடிப்பதால், போகும்போது வலப்பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் வரும். காற்று வண்டியைச் சைடுகார் மேல் அழுத்தும். வலையேற்றிய படகுக்குப் பக்கத்தில் கட்டிய தோணி போல அது முட்டுக் கொடுத்து நிற்கும், தனி புல்லட்டைவிட நிம்மதி. திரும்பும்போது காற்று இடப்பக்கத்திலிருந்தும் முன்னாலிருந்தும் வரும். 50 கி.மீ. வேகப் பக்கக்காற்றில் காலிச் சைடுகார் சக்கரத்தின் சுமையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை அது எடுத்துவிடும் என்று என் கணக்கு. தூக்கிவிடாது, ஆனால் சக்கரம் லேசாகிவிட்டது கைக்குத் தெரியும். பாலத்தின் இணைப்புகளில் ஏறி இறங்கும் நேரத்தில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். வாடைக்காற்றுக் காலத்தில் போகும்போதும் திரும்பும்போதும் உள்ள இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகிவிடும்.

காற்றைவிட அதிகமாகத் தூக்குவது இடது வளைவு. 15 மீட்டர் ஆரமுள்ள இடது திருப்பத்தில் காலிக் கூடு 23 கி.மீ. அளவிலேயே எழும்பத் தொடங்கும். அம்மா அமர்ந்திருந்தால் 29 வரை தாங்கும். பிரதான சாலையிலிருந்து இடப்பக்கம் ஊருக்குள் ஒடித்துத் திரும்புகிற இடங்களில் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காலியாக ஓட்டும்போது முப்பது கிலோ மணல் மூட்டை ஒன்றைக் கூட்டின் தரையில், சக்கரத்தின் பக்கமாக வைத்துக் கட்டுங்கள். இருக்கையில் வைக்காதீர்கள்; எடை தாழ இருந்தால்தான் பயன்.

கீழக்கரை தெற்குத் தெரு எழுதியது:

மணலைப் பற்றி நான் சொல்கிறேன். அரிச்சல்முனை வரை தார்ச்சாலை 2017-இல் திறந்த பிறகும், முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் காற்று மணலைச் சாலையோரத்தில் குவித்துக்கொண்டேதான் இருக்கிறது. சைடுகார் சக்கரம் ஓடுவதும் அதே ஓரத்தில். அது மணலில் புதைந்தால் வண்டி முழுவதும் இடப்பக்கம் இழுபடும். நீங்கள் பதறி ஆக்சிலரேட்டரைத் திருகினால் இன்னும் இடப்பக்கம் போகும். தனி வண்டியானால் வழுக்கி விழுவீர்கள், இதில் விழ மாட்டீர்கள். உதவி அந்த அளவுக்குத்தான். மணலைக் கண்டதும் முன்கூட்டியே மெதுவாக்கி, ஒரே சீரான இழுவையில், சாலை நடுவை ஒட்டிக் கடந்துவிடுங்கள்.

சைடுகார் வண்டி வளைவில் சாய்வதில்லை என்பதால், சாய்ந்து ஓடுவதற்கென்று கட்டிய சக்கரக் கம்பிகளுக்குப் பக்கவாட்டு இழுவை புதிதாக வரும். முதல் சில வாரங்களில் பின் சக்கரத்தின் கம்பிகளை விரலால் தட்டிப் பார்த்து, மந்தமாக ஒலிப்பதை முறுக்கிவிடுங்கள். பின் டயர் நடுவில் மட்டும் தட்டையாகத் தேயும். சுமை கூடியிருப்பதால் அதில் நாலைந்து பவுண்டு காற்றுக் கூடுதலாக வையுங்கள்.

உப்பைச் சொல்லாமல் விட முடியாது. சைடுகார்ச் சட்டத்தின் குழாய்கள் உள்ளே வெற்றாக இருப்பவை. துருப் பிடிப்பது உள்ளிருந்துதான். குழாய்களின் தாழ்ந்த முனையில் ஒரு சிறு வடிகால் துளை இருக்கிறதா என்று பார்த்து, மேல்முனை வழியாகப் பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றி உருட்டிவிடுங்கள். தனுஷ்கோடி போய்வந்த அன்று வண்டியைக் கழுவ வேண்டும் என்பதற்காக வீட்டுக் கிணற்று உப்புத்தண்ணீரை ஊற்றாதீர்கள். குடிக்கிற தண்ணீரில் அரை வாளி போதும்.

தொண்டி சாலை எழுதியது:

மிதக்கும் புஷ் பற்றிய விளக்கத்துக்குப் பிறகு 15 பல்லுக்கு நானும் தலையாட்டுகிறேன். யாரும் தொடாத ஒன்றைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம், 1988, கழற்றக்கூடிய சைடுகாரோடு சேர்ந்த இருசக்கர வண்டியையும் மோட்டார் சைக்கிள் என்றே வரையறுக்கிறது. ஆனால் வண்டியில் மாற்றம் செய்வதற்கு 52-ஆம் பிரிவு இருக்கிறது. பொருத்துவதற்கு முன்பே ராமநாதபுரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, ஆர்.சி. புத்தகத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.

மண்டபம் முகாம் எழுதியது:

அப்படியே செய்கிறேன். ஒரே ஒரு கேள்வி: முன் ஃபோர்க்கை மாற்ற வேண்டுமா? சைடுகார் போட்டால் ஹேண்டில் உதறும் என்று சொல்கிறார்கள்.

உச்சிப்புளி பட்டறை எழுதியது:

உங்கள் வேகத்துக்குத் தேவையில்லை. கைப்பிடி திரும்பும் அச்சை நீட்டினால் அது தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரத்தை டிரெயில் என்பார்கள். சாதாரண மோட்டார் சைக்கிளில் முன் சக்கரத்தின் டிரெயில் 100 மி.மீ. அளவில் இருக்கும், சைடுகாருக்கென்றே செய்த ஃபோர்க்கில் அதைப் பாதியாகக் குறைத்திருப்பார்கள், திருப்புவதற்குக் கை வலிக்காது என்பதற்காக. அதைக் குறைத்தால் 25 முதல் 40 கி.மீ. வேகத்துக்குள் உதறல் இன்னும் கூடும். பழைய ஃபோர்க்கோடு ஓட்டுங்கள். திருப்புவது கனமாக இருக்கும், பழகிவிடும். உதறல் வந்தால் முதலில் கோன் செட்டில் (கைப்பிடி திரும்பும் பேரிங்கில்) ஆட்டம் இருக்கிறதா, முன் டயரில் காற்று குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். கைப்பிடி நடுவில் உதறலை அடக்கும் ஸ்டியரிங் டேம்பர் குமிழ் இருந்தால் கால் சுற்று இறுக்குங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் கீழக்கரைக்காரர் சொன்ன அலுமினியக் குழாய்களை மறுபடி எடுத்துக் கோணத்தை அளந்து பாருங்கள்.